ஏற்காட்டு வாசகசாலைக்குக் கோஹா: ஒரு மணி நேர வேலைதானா?

கேள்வி, 2024 ஏப்ரல் 14

ஏற்காட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன வாசகசாலை. புத்தகங்கள் முக்கால்வாசி தமிழ்தான். யார் எதை எடுத்துப் போனார்கள் என்பதெல்லாம் இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம், அதைப் போடுங்கள் என்கிறார்கள். சும்மா கிடக்கும் பழைய கணினி ஒன்று இருக்கிறது, ரேம் 4 ஜிபி. கல்லூரியில் எக்ஸாம்ப் என்ற வெப்சர்வர் தொகுப்பைப் போட்டு, பிஎச்பி தளத்தின் கோப்புறையை அதன் எச்டிடாக்ஸில் தூக்கி வைத்து ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு. இதுவும் அப்படி ஒரு மணி நேர வேலைதானே அண்ணா? இல்லை, மாத வாடகைக்குக் கிளவுட் சர்வர் எடுத்துவிடுவது நல்லதா?

2024 ஏப்ரல் 14, இரவு

எக்ஸாம்பை மறந்துவிடுங்கள் தம்பி. கோஹா எழுதப்பட்ட மொழி பிஎச்பி அல்ல, பெர்ல். கோப்புறையைத் தூக்கி வைத்தால் ஓடுகிற ரகம் இல்லை. பக்கத்தைக் காட்ட அப்பாச்சி, தரவுக்கு மரியாடிபி, தேடலுக்கு ஜீப்ரா, அடிக்கடி கேட்பதைக் கையருகே வைத்துக்கொள்ள மெம்கேஷ்டி, இந்த நாலும் சேர்ந்து ஓட வேண்டும். விண்டோஸ் வேண்டாம். டெபியன் 12 லினக்ஸ் போடுங்கள், டெஸ்க்டாப் இல்லாமல். உங்கள் 4 ஜிபி ஒரு சின்ன வாசகசாலைக்குப் போதும். வன்தட்டு மட்டும் பழையதாக இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

ஒரு மணி நேரம் என்பது பொய்யில்லை. நல்ல இணைப்பு இருந்தால் அதற்குள் உள்நுழைவுத் திரை வந்துவிடும். அங்கே எல்லாரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்ப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு வேலை அதற்கப்புறம்தான்.

கிளவுடா சொந்தமா என்பதற்கு என் ஓட்டு சொந்தக் கணினிக்குத்தான். மழை பிடித்தால் மலையில் இணைப்பு போகும். இணைப்பு போனால் இரவல் கொடுப்பது நிற்கக் கூடாது. மின்சாரமும்தானே போகும் என்பீர்கள். அதற்கு யுபிஎஸ் இருக்கிறது, இணைப்புக்கு அப்படி ஒன்று கடையில் கிடைக்காது.

2024 ஏப்ரல் 16

கட்டளைகளை வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகைதான் வைத்திருக்கிறேன், அதனால் உச்சரிப்பில் எழுதுகிறேன். அப்படியே தட்டினால் லினக்ஸ் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

டெபியன் ஏறியதும் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வையுங்கள். யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் விட்டால் இரவு ஓட வேண்டிய வேலைகள் விடிந்து ஓடும், அபராதக் கணக்கில் ஒரு நாள் இடிக்கும். பிறகு கோஹா சமூகத்தின் மென்பொருள் களஞ்சியத்தை அதன் கையொப்பச் சாவியோடு சேர்க்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. பல வழிகாட்டிகள் களஞ்சியத்தின் பெயரை 'ஸ்டேபிள்' என்று எழுதச் சொல்லும். கோஹா ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரும், புதுப் பதிப்பு விடுகிறது. எண்ணே ஆண்டும் மாதமும்தான். 'ஸ்டேபிள்' என்று போட்டவருக்கு ஒரு நாள் சாதாரணமாக அப்டேட் தட்டும்போது டேட்டாபேஸின் அமைப்பே மாறி முழுப் பதிப்பும் தாவிவிடும். அதனால் 23.11 என்று எண்ணையே எழுதுங்கள். எப்போது தாவுவது என்பது நம் முடிவாக இருக்கட்டும்.

அப்புறம் மரியாடிபி-சர்வர், கோஹா-காமன் இரண்டையும் நிறுவுங்கள். கோஹா-சைட்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் வாசகர் பக்கத்துக்கு 80, அலுவலர் பக்கத்துக்கு 8080 என்று போர்ட் (வாசல் எண்) கொடுங்கள். அப்பாச்சியில் ரீரைட், சிஜிஐ, ஹெடர்ஸ், பிராக்ஸி-எச்டிடிபி மாட்யூல்களை இயக்குங்கள். கடைசியாகக் கோஹா-கிரியேட் கட்டளையை 'கிரியேட்-டிபி' விருப்பத்தோடு கொடுத்தால் டேட்டாபேஸ், அதன் பயனர், கடவுச்சொல் எல்லாம் தானாக உருவாகும். அந்தக் கடவுச்சொல்லைப் பார்க்கக் கோஹா-பாஸ்டபிள்யூடி. முதல் முறை பிரவுசரில் நுழைய அதுதான் திறவுகோல்.

2024 ஏப்ரல் 17

மேலே சொல்ல விட்டுப்போனது: அப்பாச்சியின் போர்ட்ஸ் கோப்பில் 8080-ஐயும் 'லிசன்' செய்யச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் அலுவலர் பக்கம் திறக்காது, நீங்கள் மரியாடிபியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டேட்டாபேஸை பிரவுசரிலேயே திறந்து திருத்தும் பிஎச்பிமைஅட்மினும் போட்டுக்கொள்ளலாமே என்கிறார் ஆத்தூர் நண்பர். வேண்டாம். டேபிளில் நேராகக் கை வைக்கிற ஆசையை அது வளர்க்கும். கோஹாவில் ஒரு புத்தகம் ஒரு வரியில் இருப்பதில்லை. நூல் விவரம் ஓரிடம், அதன் முழு மார்க் பதிவு (நூலகங்கள் நூல் விவரத்தை எண்ணிட்ட புலங்களில் எழுதும் பொது வடிவம்) இன்னோரிடம், அலமாரியில் இருக்கும் பிரதி வேறிடம், தேடல் இன்டெக்ஸ் டேட்டாபேஸுக்கு வெளியே. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் திரையில் ஒன்றும் தேடலில் ஒன்றுமாகத் தெரியும். பார்க்க மட்டும் வேண்டும் என்றால் கோஹாவிலேயே அறிக்கைப் பகுதி இருக்கிறது, அதில் டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எழுதலாம், அது எதையும் அழிக்க விடாது.

2024 ஏப்ரல் 29

நேரில் வாருங்கள் என்று அழைத்தார்கள், போய் வந்தேன். கீழே அடிவாரத்தில் அனல் அடிக்கிறது, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் சட்டைக்குள் குளிர் புகுகிறது. வழக்கமான வியப்புதான், ஒவ்வொரு முறையும் வருகிறது.

வாசகசாலையைப் பார்த்துக்கொள்வது ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே நிறுவல் திரை மாட்டிக்கொண்டது. உறுப்பினர் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம், மற்றது விருப்பம். "நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை எங்கே போடுவது?" நியாயமான கேள்வி. பெயரையும் இனிஷியலையும் சேர்த்துக் கட்டாயப் புலத்திலேயே போடுங்கள், மற்றதைக் காலியாக விடுங்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று முடிவு செய்தோம். நூலாசிரியருக்கும் இதே சிக்கல் உண்டு. மார்க் 100 புலத்தின் முதல் குறியீட்டில் 1 என்றால் குடும்பப் பெயர் முன்னால் வருகிறது என்று பொருள், 0 என்றால் இயற்பெயர். தமிழ்ப் பெயர்களுக்குப் பெரும்பாலும் 0.

நிறுவல் திரை கேட்கும் மார்க் வகையில் மார்க்21-ஐத் தேர்ந்தெடுங்கள், யூனிமார்க் இங்கே நமக்கு உதவாது. பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

2024 ஏப்ரல் 30

இப்போது உண்மையான கதை. முதல் பதிவாக ஒரு தமிழ்ப் புத்தகத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். திருக்குறள் உரை ஒன்றை ஏற்றினோம். திரையில் அழகாகத் தெரிந்தது. தேடினால் இல்லை. ஆங்கில அட்லஸ் ஒன்றை ஏற்றினோம், அது உடனே கிடைத்தது.

டேட்டாபேஸில் பழுதில்லை. மரியாடிபியில் கோஹா உருவாக்கும் டேபிள்கள் எழுத்துகளைச் சேமிக்கும் முறை யுடிஎஃப்8எம்பி4, ஓர் எழுத்துக்கு நான்கு பைட் வரை இடம் தரும். தமிழ் எழுத்துகள் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட் எடுப்பவை, அதனால் பழைய மூன்று பைட் 'யுடிஎஃப்8' டேபிளில்கூட அடங்கிவிடும். நான்கு பைட் தேவைப்படுவது 2019-இல் யூனிகோடு 12 சேர்த்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும், உறுப்பினர் குறிப்பில் யாராவது வைக்கும் சிரிப்புப் பொம்மைகளுக்கும்தான்.

பழுது ஜீப்ராவில். அது பிறவியிலேயே ஒரு எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டுதான் சொற்களைப் பிரிக்கும். அந்த அட்டவணையில் தமிழ் இல்லை. டீஃபால்ட் டாட் ஐடிஎக்ஸ் என்ற கோப்பைத் திறந்து, அதில் 'சார்மேப்' என்று தொடங்கும் வரிகளுக்குப் பதில் 'ஐசியுசெயின்' வரிகளை வைக்க வேண்டும். ஐசியு என்பது யூனிகோடு விதிப்படி சொல் பிரிக்கும் நூலகம், அதற்குத் தமிழ் தெரியும். கூடவே கோஹாவின் சிஸ்டம் பிரிஃபரன்ஸில் ஐசியு தொடர்பான விருப்பத்தையும் இயக்க வேண்டும். பிறகு ஜீப்ராவை மறுதொடக்கம் செய்து, கோஹா-ரீபில்டு-ஜீப்ரா கட்டளையை முழு இன்டெக்ஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள். திருக்குறள் வந்தது. டீச்சர் காப்பி போட்டுக் கொடுத்தார், சொந்தத் தோட்டத்துக் கொட்டையாம், சிக்கரி இல்லை.

நூறு புத்தகங்களை ஏற்றிவிட்டு இதைக் கண்டுபிடித்தாலும் தரவுக்கு நட்டமில்லை. இன்டெக்ஸ் என்பது டேட்டாபேஸிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டக்கூடியது. ஆனால் அந்த நூறு புத்தகத்துக்குள் "கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது" என்று ஊர் முடிவு கட்டியிருக்கும். அந்த நட்டம் பெரிது.

2024 மே 6

டீச்சரிடமிருந்து போன். 'பல' என்று தேடினால் பல் பராமரிப்புப் புத்தகம் வருகிறதாம்.

யோசித்துப் பார்த்ததும் பிடிபட்டது. சொற்களுக்கான ஐசியு கோப்பில் ஒரு வரி: எழுத்துகளைப் பிரித்து, இடம் பிடிக்காத குறிகளை நீக்கி, மறுபடி சேர். ஐரோப்பிய மொழிகளுக்கு அது சரி. அங்கே எழுத்தின் தலையில் இருக்கும் கொம்பும் புள்ளியும் போனாலும் தேடலுக்குச் சௌகரியம்தான். தமிழில் யூனிகோடு எதை 'இடம் பிடிக்காத குறி' என்று வகைப்படுத்தியிருக்கிறது தெரியுமா? மெய்யின் புள்ளியையும் ஈகாரக் குறியையும். கால், கொம்பு, இகரச் சுழி எல்லாம் இடம் பிடிப்பவை, அவை தப்பித்துவிடும். ஆக, அந்த வரி இருக்கும்வரை பல் என்பதும் பல என்பதும் ஒன்று, தீ என்பதும் த என்பதும் ஒன்று.

சேலத்தில் என் கணினியில் சோதித்தேன். 'கல்வி' என்று போட்டேன். புள்ளி போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எதைத் தேடினாலும் ஒரே பட்டியல். தமிழாசிரியை பல்லோடு நிறுத்திக்கொண்டார், பிழைத்தோம்.

தீர்வு எளிது. உங்கள் கோப்பில் அந்த வரி இருந்தால் எடுத்துவிடுங்கள், வெறும் என்எஃப்சி ஒழுங்கு மட்டும் போதும். அது இருக்க வேண்டும், ஏனென்றால் 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், எகரக் கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான், உள்ளே வேறு. என்எஃப்சி அதை ஒன்றாக்கும். ஆனால் 'கௌ' எழுதக் கொம்புக்குப் பக்கத்தில் ளகரத்தைப் போடுகிறவர்களை எந்த மென்பொருளும் திருத்தாது.

2024 மே 7

மேலே உள்ளதற்கு ஒரு அன்பர், "இவ்வளவு பாடு எதற்கு, எலாஸ்டிக்சர்ச் போடலாமே" என்கிறார். போடலாம். ஜீப்ராவுக்குப் பதிலான தேடல் மென்பொருள் அது, தனியாக ஜாவாவில் ஓடும், நினைவகம் தின்னும். 4 ஜிபி கணினியில் அதையும் மரியாடிபியையும் சேர்த்து வைத்தால் இரண்டும் முறைத்துக்கொள்ளும். பெரிய கல்லூரி நூலகத்துக்கு அதையே சொல்வேன்.

2024 மே 20

பழைய பட்டியலை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். யாரோ புண்ணியவான் எக்செல்லில் அடித்து வைத்திருக்கிறார், ஆனால் பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துருவை எடுத்தால் மிச்சம் ஆங்கிலக் கிறுக்கல். உள்ளே இருப்பது தமிழே அல்ல, தமிழ் வேஷம் கட்டிய ஆங்கில எழுத்துகள். தமிழக அரசு யூனிகோடையும், தமிழுக்கென்றே அமைந்த டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன்பு அடித்தவற்றில் பெரும்பாலும் இந்தக் கதைதான், அதற்குப் பின்னும் பல டிடிபி கடைகளில் இதே கதை.

மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. நான் சொல்வது ஒன்றுதான்: முழு ஷீட்டையும் அப்படியே மாற்றியில் கொட்டாதீர்கள். ஐஎஸ்பிஎன், விலை, ஆங்கிலத் தலைப்பு எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆங்கிலத் தலைப்பு மாற்றிக்குள் போனால் தமிழ் எழுத்தில் உளறலாக வெளியே வரும். நெடுவரிசை நெடுவரிசையாகப் பிரித்து, தமிழ் வரிகளை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் டீச்சர் கண்ணில் ஒரு முறை படட்டும்.

இன்னொரு வழி, இசட்39.50 என்ற நூலகப் பதிவுப் பரிமாற்ற முறை மூலம் வெளிநாட்டு நூலகங்களிலிருந்து பதிவை இழுப்பது. ஆங்கில நூலுக்கு அது பெரிய வரம். தமிழ் நூலுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பதிவை இழுத்தால் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியுமாக வரும். தமிழ் எழுத்தில் தேடும் வாசகருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இழுத்த பிறகு தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் நாமே தட்ட வேண்டும்.

2024 ஜூன் 9

பார்கோடு ஸ்கேனர் வாங்கிவிட்டார்களாம். யுஎஸ்பியில் செருகினால் அது தன்னை விசைப்பலகை என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதனால் ஒரு வேடிக்கை நடக்கும்: கணினியில் தமிழ்99 விசைப்பலகை தேர்வாகியிருந்தால், லேபிளில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழாக விழும். தம்பி அழகாக நூலகப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து லேபிள் வடிவமைத்திருந்தார். அச்சுக்குப் போகும் முன் நிறுத்தினேன். எண்கள் மட்டும் போதும், எண் எந்த விசைப்பலகையிலும் எண்தான். தலைப்பைத் தமிழில் தட்டிவிட்டு அப்படியே ஸ்கேன் செய்கிற பழக்கம் யாருக்கும் போகாது, அதனால் லேபிள்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

2024 ஜூன் 23

"சிஸ்டம் பிரிஃபரன்ஸை மாற்றினேன், திரை மாறவில்லை." மெம்கேஷ்டியையும், கோஹாவின் பெர்ல் நிரலை நினைவகத்திலேயே வைத்து ஓட்டும் பிளாக்கையும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

2024 ஆகஸ்ட் 18

மின்சாரம். ஏப்ரல் மே மாதத்து இடிமழையை மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அக்டோபரில் இன்னொரு சுற்று வரும்.

மரியாடிபியைப் பொறுத்தவரை திடீரென்று கரண்ட் போவது அவ்வளவு பயங்கரம் அல்ல. அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி ஒவ்வொரு பரிவர்த்தனையையும் முடிக்கும் முன் ஒரு பதிவேட்டில் எழுதி, அது தட்டில் விழுந்ததை உறுதி செய்துகொண்டுதான் 'ஆயிற்று' என்கிறது. மறுபடி எழும்போது அந்தப் பதிவேட்டைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதை வேகத்துக்காக அணைக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள். ஆனால் தட்டு 'விழுந்துவிட்டது' என்று பொய் சொன்னால் பதிவேடும் பொய்யாகிவிடும். மலிவான எஸ்எஸ்டிகள் சில அப்படிச் சொல்வதுண்டு. அதனால் யுபிஎஸ், அதையும் யுஎஸ்பி கம்பியால் சர்வரோடு இணைத்து, நட் என்ற மென்பொருளைப் போட்டு, பேட்டரி இறங்கினால் சர்வர் தானாகவே ஒழுங்காக அணையும்படி செய்தோம். பயோஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும் விருப்பத்தையும் இயக்கியாயிற்று. டீச்சர் வந்து பொத்தானை அமுக்க வேண்டியதில்லை.

இதில் ஒன்று விசித்திரமாக முளைத்தது. கரண்ட் இல்லாத ஓர் இரவுக்கு அடுத்த நாள், கொடுத்த புத்தகங்களுக்கெல்லாம் முந்தைய நாள் தேதி விழுந்திருந்தது. தாய்ப்பலகையில் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி செத்துக் கிடந்தது. கடிகாரம் ஓடவில்லை, இணைப்பும் இல்லை, அதனால் டெபியன் கடைசியாகத் தான் பார்த்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். பழைய கணினியை சர்வராக்குகிறவர்கள் கோஹாவைப் பற்றி யோசிக்கும் முன் இதை மாற்றுங்கள். இணையத்தில் எந்த நிறுவல் வழிகாட்டியிலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை.

2024 செப்டம்பர் 15

பேக்கப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. கேட்க மாட்டார்கள், தெரியும்.

கோஹா-காமன் நிறுவியதுமே தினசரி பேக்கப் தானாக ஓடுகிறது. ஸ்பூல் கோப்புறையில் டேட்டாபேஸுக்கு ஒரு சுருக்கக் கோப்பு, அமைப்புகளுக்கு ஒரு சுருக்கக் கோப்பு. இது தெரியாமலேயே பலர் இருக்கிறார்கள். தெரிந்தவர்களும் கவனிக்காத இரண்டு விஷயங்கள்: இயல்பாக இரண்டு நாளுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளும், அதுவும் அதே தட்டில். தட்டு போனால் பேக்கப்பும் சேர்ந்து போகும். நாள் எண்ணிக்கையை அதிகப்படுத்தினேன். ஒவ்வொரு இரவும், இணைப்பு இருந்தால், இரண்டு கோப்பும் சேலத்தில் என் கணினிக்கு வந்து சேரும்படி ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் போட்டேன். மலையிலிருந்து கீழே தள்ளுவதால் அங்கே வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது ஐபி முகவரி இல்லாதது தொல்லையே இல்லை. வாரம் ஒரு முறை டீச்சர் பென்டிரைவிலும் எடுத்துக்கொள்கிறார். அவருக்கு மேகத்தின் மீதும் நம்பிக்கை இல்லை, என் மீதும் அவ்வளவாக இல்லை.

சரி, வந்த கோப்புகளை வைத்துக் காலிக் கணினியில் கோஹா-ரீஸ்டோர் ஓட்டினேன். புத்தகங்கள், உறுப்பினர்கள், நிலுவை எல்லாம் வந்தன. தேடல் வந்தது. தமிழ்த் தேடல் வரவில்லை.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் எழுதிய ஐசியு மாற்றங்கள் இருக்கிறதே, அவை எந்த ஒரு நூலகத்துக்கும் உரிய கோப்புறையில் இல்லை, ஜீப்ராவின் பொதுக் கோப்புறையில் இருக்கின்றன. கோஹாவின் பேக்கப் நூலகத்தின் கோப்புறையை மட்டுமே சுருட்டுகிறது. ஆகவே மேலே ஏப்ரல் 30, மே 6 குறிப்புகளைப் பின்பற்றியவர்கள் அனைவரும்: எடிசி கோப்புறைக்குள் கோஹா என்று இருப்பதை முழுவதுமாகத் தனியாகப் பேக்கப்பில் சேருங்கள்.

2024 செப்டம்பர் 16

"எதற்கு இத்தனை பயம், அது என்ன வங்கியா?" என்று கேட்கிறார் ஒருவர். வங்கியில் பணம் போனால் இன்சூரன்ஸ் உண்டு. எந்தப் புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பது போனால் யார் கொடுப்பார்கள்? நம் ஊரில் கேட்காமல் திருப்பிக் கொடுக்கிறவர் எத்தனை பேர்?

2024 டிசம்பர் 8

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறினாலும் மழையை நம் பக்கம் கொட்டிவிட்டுப் போனது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேலே கரண்டும் இல்லை, இணைப்பும் இல்லை. தம்பி, டீச்சர் எல்லாரும் நலம்.

சர்வர் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. யுபிஎஸ் தீர்ந்ததும் நட் அணைத்திருக்கிறது, கரண்ட் வந்ததும் தானாக எழுந்திருக்கிறது, கடிகாரம் சரி. இணைப்பு வந்த இரவில் தேங்கியிருந்த பேக்கப் கோப்புகள் வரிசையாகக் கீழே இறங்கின. மேலே போக வேண்டிய வேலையே வரவில்லை. போகவும் முடிந்திருக்காது.

கிளவுடில் வைத்திருந்தால் சர்வர் விழுந்திருக்காதே என்று ஒருவர் கேட்கலாம். விழுந்திருக்காது. ஆனால் அதை எட்ட மேலே யாருக்கும் இணைப்பு இருந்திருக்காது. கரண்ட் முதலில் வந்தது, இணைப்பு பிறகுதான். அந்த இடைவெளியில் பிள்ளைகள் புத்தகம் எடுத்துப் போயிருக்கிறார்கள், பள்ளி விடுமுறை ஆயிற்றே.

2025 ஜனவரி 12

24.11 வந்துவிட்டதே, ஏற்றலாமா என்று தம்பி கேட்கிறார். அவசரம் என்ன? மாதம் ஒரு திருத்தப் பதிப்பு வரும், இரண்டு மூன்று வரட்டும். ஏற்றும்போது முதலில் சேலத்துக் கணினியில் ஏற்றிப் பார்ப்பேன், அங்கே மலையின் நேற்றைய நகல் இருக்கிறது. நடுவில் டெபியன் ஒரு கேள்வி கேட்கும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதியதைப் போடவா, உங்களுடையதையே வைக்கவா? ஜீப்ரா கோப்புகளுக்கு உங்களுடையதையே வையுங்கள். சும்மா என்டர் தட்டினாலே அதுதான் நடக்கும், ஆனால் புதியது நல்லதாகத்தானே இருக்கும் என்று 'ஒய்' தட்டுகிறவர்கள் உண்டு. தட்டினால் தமிழ்த் தேடல் மறுபடி ஏப்ரல் மாதத்துக்குப் போய்விடும்.

ஏற்றியதும் பார்க்க வேண்டிய சொற்கள் பல், பல, கல்வி, தீ, கௌரவம். இவை சரியாக வந்தால் மலைக்கு எடுத்துப் போகலாம்.

ஆத்தூர் நண்பரும் தங்கள் ஊர் நூலகத்துக்குப் போடப் போகிறாராம், ஓடுகிறதை ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறார். ஏற்காடு வரை ஏற வேண்டாம், நகல் என் வீட்டில்தான் ஓடுகிறது. அஸ்தம்பட்டிக்கு வாருங்கள், ஞாயிறு மாலை தவிர எந்த மாலையும் இருப்பேன். பார்த்து முடித்ததும் தட்டுவடை செட் என் செலவு.